முற்றும் எச்சமும்: குழுக் கலந்துரையாடலில் நெறியாளர் ஒதுங்கி நிற்க வேண்டிய இடம்

குழுவாக அமர்ந்து பேசும் வகுப்பு இன்று நம் பள்ளிகளில் புதிதன்று. நான்கைந்து மாணவர்கள் வட்டமாக அமர்கின்றனர், ஒரு காணொளியோ செய்தித் துணுக்கோ படமோ அவர்கள் முன் வைக்கப்படுகிறது, ஆசிரியர் நெறியாளராகிறார். அவர் எப்போது பேச வேண்டும் என்பது குறித்துப் பயிற்சிப் பட்டறைகளில் நிறையவே கேட்டிருக்கின்றோம். வினாத் தொடுப்பது எப்படி, தயங்குபவரைப் பேசத் தூண்டுவது எப்படி, திசைமாறும் பேச்சை மீட்பது எப்படி என்பன எல்லாம் அங்கே கற்பிக்கப்படுகின்றன. எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் அவரவர் இயல்புக்கே விடப்படுகிறது. ஆசிரியர்களின் இயல்பு எத்தகையது என்பதை நாம் அறிவோம். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களே.

இக்கட்டுரையில் அந்தப் பேசாமையையே ஆராயப் புகுகின்றோம். அதனைப் பொறுமை என்னும் பண்பாகக் கொண்டு அறவுரை கூறுவது நம் நோக்கமன்று. நெறியாளர் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதைத் தமிழ்த் தொடரின் அமைப்பே பெருமளவு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது நம் கருத்து. அக்கருத்துக்கு நம்மை இட்டுச் சென்றது நாம் செய்த ஒரு பிழை.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலை மாணவர் அறுவர் பங்கேற்ற கலந்துரையாடல் ஒன்றுக்கு நாம் நெறியாளராக அமர்ந்திருந்தோம். தலைப்பு, தமிழ் கற்பதன் பயன். பங்கேற்றோரின் இசைவுடன் பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. தொடக்கம் முதல் வாய்திறவாதிருந்த மாணவி ஒருவர் திடீரென்று, “தமிழ் படிச்சா வேலை கிடைக்காது” என்றார். நமக்குப் பொறுக்கவில்லை. வானொலி, தொலைக்காட்சி, மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி என்று வேலைவாய்ப்புகளை அடுக்கத் தொடங்கினோம். இரண்டு நிமிடமாவது பேசியிருப்போம். மாணவி தலையசைத்தார், “சரிங்க ஐயா” என்றார். அதன்பின் அன்று அவர் பேசவேயில்லை.

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. ‘கிடைக்காது’ என்பதன்பின் மிகச் சிறிய இடைவெளி. அடுத்து நம் குரல். நம் குரலுக்கு அடியில் ‘அப்படி’ என்னும் மாணவியின் சொல் பாதியில் அறுந்து கிடந்தது. அடுத்த வாரம் அவரிடமே கேட்டோம். அவர் சொல்ல வந்தது இது: “தமிழ் படிச்சா வேலை கிடைக்காது, அப்படின்னு எங்க மாமா சொல்வாரு. ஆனா கோயிலுக்குக் கடிதம் எழுதணும்னா அவரே என்கிட்டதான் வருவாரு.”

மாமாவை மறுக்க வந்த மாணவியை மாமாவாகவே எண்ணி நாம் மறுத்திருக்கின்றோம். அவர் கூறாத கருத்துக்கு இரண்டு நிமிட விடை அளித்திருக்கின்றோம். கோயில் கடிதம் என்னும் அந்த எடுத்துக்காட்டு, நாம் அடுக்கிய வேலைவாய்ப்புகள் அனைத்தையும்விட அக்குழுவில் நன்றாக எடுபட்டிருக்கும்.

தொடரின் கடையில் நிற்கும் பொருள்

இப்பிழை நம் அவசரத்தால் மட்டும் விளைந்ததன்று. தமிழில் வினைமுற்றுத் தொடரின் இறுதியில் நிற்பது. காலமும் இடமும் எதிர்மறையும் அவ்வினைமுற்றிலேயே வந்து அமைகின்றன. ‘நான் அந்த முடிவை’ என்பதுவரை கேட்டவர், பேசுபவர் அம்முடிவை ஏற்கின்றாரா மறுக்கின்றாரா என்று அறிய இயலாது. ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என்னும் கடைசிச் சொல்தான் அதனைக் கூறும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினையும் எதிர்மறையும் வந்துவிடுவதால், கேட்பவர் பேசுபவரின் நிலைப்பாட்டை முன்கூட்டியே ஓரளவு உணர்ந்துகொள்கின்றார்.

இதனினும் நுட்பமானது ‘என்று’ என்னும் சொல்லின் செயல். பேச்சுவழக்கில் இது ‘-ன்னு’ என்றும் ‘அப்படின்னு’ என்றும் வரும். பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது ஆங்கிலம் பெரும்பாலும் கூறியவரை முன்வைத்துக் கூற்றைப் பின்வைக்கும். தமிழில் கூற்று முதலில் வந்துவிடலாம். அது யாருடையது, பேசுபவர் அதனை நம்புகின்றாரா ஐயுறுகின்றாரா நகைக்கின்றாரா என்பவை எல்லாம் பின்னரே வரலாம். ஆகவே வினைமுற்று வந்துவிட்டது என்பதாலேயே பேச்சு முடிந்துவிட்டது என்று கொள்ள இயலாது. முற்றிய தொடர் முழுவதையும் ‘அப்படின்னு’ என்னும் ஒரு சொல் பிறருடைய கூற்றாக மாற்றிவிட வல்லது. தமிழ்க் கலந்துரையாடலை நெறிப்படுத்துபவர் ஆங்கிலக் கலந்துரையாடலை நெறிப்படுத்துபவரினும் சற்றே கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

எச்சத்தின் பின் வரும் இடைவெளியை இனங்காண்பது இன்னும் எளிது. எச்சம் என்னும் பெயரே எஞ்சி நிற்பது ஒன்று உண்டு என்று அறிவிக்கிறது. ‘நேற்று வீட்டுக்குப் போயி, அம்மாகிட்ட கேட்டு…’ என்று நின்றுவிட்ட மாணவர் தம் முறையை முடிக்கவில்லை. ‘நான் பார்த்த…’ என்னும் பெயரெச்சம் ஒரு பெயரைத் தேடி நிற்கிறது. ‘அந்தப் பையனை…’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது. ‘மழை பெஞ்சா…’ என்னும் நிபந்தனை எச்சம் விளைவை எதிர்நோக்குகிறது. இவ்விடங்களில் நிகழும் மௌனம் மாணவருக்கு உரியது. அதில் நெறியாளருக்குப் பங்கில்லை. இலக்கண வகுப்பில் எச்சத்தையும் முற்றையும் அடிக்கோடிடச் செய்யும் நாம், கலந்துரையாடலில் அவற்றைச் செவியால் இனங்கண்டால் போதும். குறுக்கிடுதலில் பெரும்பகுதி தானே குறைந்துவிடும்.

பேச்சுத் தமிழில் மாணவர்கள் சொல்லைத் தேடும்போது இடும் அசைகளையும் நோக்க வேண்டும். ‘இது’, ‘அது வந்து’, ‘வந்து’, ‘என்ன சொல்றது’ முதலியன அவை. இவற்றைத் திக்கலாகக் கருதித் திருத்த முயலும் ஆசிரியர்கள் உண்டு. மொழியியல் நோக்கில் இவை ‘என் முறை இன்னும் முடியவில்லை, காத்திருங்கள்’ என்னும் அறிவிப்புகள். இவற்றுள் ‘வந்து’ என்பது நமக்கு மிகவும் பிடித்த சொல். ‘வா’ என்னும் வினையின் எச்சமாகிய அது தன் பொருளை முற்றிலும் இழந்து தயக்க அசையாகிவிட்ட பின்னும், மேலும் ஒன்று வரப்போகிறது என்று உணர்த்தும் எச்சத்தின் பணியை மட்டும் விடாது செய்து வருகிறது.

காத்திருப்பின் அளவு

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் வினாவுக்கு ஆய்வுலகில் ஓரளவு விடை உண்டு. 1974இல் ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லோஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவர், உரையாடலில் பேச்சுமுறை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். 1977இல் அவர்களே பேச்சில் நேரும் பிழைகள் சீர்செய்யப்படும் முறையை ஆராய்ந்தனர். அன்றாட உரையாடலில் பிழையைப் பெரும்பாலும் பேசியவரே திருத்திக்கொள்கின்றார் என்பதும், பிழையைக் கவனித்த மற்றவர் அதற்கு இடமளிக்கும் வகையில் ஒரு கணம் தம் பேச்சை நிறுத்திவைக்கின்றார் என்பதும் அவர்கள் கண்டவை. எங்கும் மக்கள் இயல்பாகச் செய்யும் இதனை, நெறியாளர் இருக்கையில் அமர்ந்ததும் நாம் மறந்துவிடுகின்றோம்.

அமெரிக்க அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வினாத் தொடுத்தபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கின்றனர் என்று 1970களில் எடுத்துக்காட்டினார். அதனை மூன்று நொடிக்கு நீட்டியபோது மாணவர் விடைகள் நீண்டன. கேளாமலே பேசுவோர் பெருகினர். மெதுவாகக் கற்போர் எனக் கருதப்பட்டவர்களும் பேசத் தொடங்கினர். இவ்வளவும் பலரும் அறிந்ததே. பலர் கவனியாது விடுவது அவர் பிரித்துக் காட்டிய இரண்டாம் காத்திருப்பு. வினாவுக்குப் பின் காத்திருப்பது ஒன்று. மாணவர் விடை கூறி முடித்தபின், ஆசிரியர் மீண்டும் பேசுமுன் காத்திருப்பது மற்றொன்று. ‘அப்படின்னு’ என்னும் சொல்லும் ‘ஆனா’ என்னும் சொல்லும் பிறப்பது இந்த இரண்டாம் இடைவெளியில்தான்.

மூன்று நொடி என்பது சொல்ல எளிது. செய்ய மிகக் கடினம். 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்து மொழிகளில் ஆம் இல்லை என்னும் வகை வினாக்களுக்கும் அவற்றின் விடைகளுக்கும் இடையிலான நேரத்தை அளந்தது. சராசரி இடைவெளி ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே. இப்பழக்கத்தில் ஊறிய செவிக்கு மூன்று நொடி மௌனம் மிக நீண்டதாகவே தோன்றும். ஆகவே அந்த மௌனத்தில் நெறியாளர் உறும் அமைதியின்மை அவர்தம் குறையன்று. அந்த அமைதியின்மையை மௌனம் பொறுக்கமாட்டாத வேறொரு மாணவரும் உணர்வார் என்பதும், அவரே பேசத் தொடங்குவார் என்பதும் நெறியாளருக்குத் துணைநிற்கும் செய்திகள்.

பாராட்டும் குறுக்கீடே

ஆசிரியர் வினவ, மாணவர் விடையளிக்க, ஆசிரியர் அவ்விடையை மதிப்பிடும் மூன்றடுக்கு அமைப்பை 1975இல் சின்கிளேரும் கூல்டார்டும் விரித்துரைத்தனர். வகுப்பறையின் பேச்செலாம் இந்த அச்சில் வார்க்கப்பட்டிருப்பதால், கலந்துரையாடலிலும் நம் வாய் தானாகவே மூன்றாம் அடுக்கை நிரப்புகிறது. ஒருவர் பேசி முடித்ததும் ‘நல்லது’, ‘அருமை’ என்கின்றோம். ஊக்கமளிக்கவே அவ்வாறு கூறுகின்றோம், விளைவு வேறாகிவிடுகிறது. ‘நல்லது’ என்றவுடன் பேச்சுமுறை நெறியாளரிடம் திரும்பிவிடுகிறது. அடுத்து யார் பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டியதாகிறது. அடுத்த மாணவர் முன்னவருக்கு விடை கூறாமல், மற்றொரு ‘நல்லது’ பெறுவதற்காக நெறியாளரை நோக்கிப் பேசுகின்றார். வட்டமாக அமர்ந்திருந்தும் பேச்சு சக்கரத்தின் ஆரம்போல ஒரே மையத்தை நோக்கி ஓடுகிறது.

பார்வையும் இவ்வாறே. பேசுபவரை நெறியாளர் உற்று நோக்கினால், அவர் நெறியாளரிடமே பேசுவார். நாம் கண்ட எளிய வழி, வட்டத்துக்கு ஓரடி பின்னே அமர்ந்து கையிலுள்ள குறிப்பேட்டில் பார்வையை இருத்துவது. குறிப்பெடுப்பதுபோல் பாசாங்கு செய்ய வேண்டியதில்லை, உண்மையிலேயே எடுக்கலாம். திருத்த வேண்டிய தொடர்களை அதில் எழுதிக்கொண்டால், அப்போதே திருத்திவிட வேண்டும் என்னும் தினவும் சற்று அடங்கும்.

திருத்தம் என்றதும் ஆசிரியர்கள் எழுப்பும் தடை ஒன்றுண்டு. பிழையை அப்போதே திருத்தாவிட்டால் அது நிலைத்துவிடாதா என்பர். கனடாவில் பிரெஞ்சு மொழிவழி வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட முடிவு இங்கே பயன்படும். மாணவர் கூறியதை ஆசிரியர் தாமே திருத்திச் சொல்லிக்காட்டுவதே மிகுதியாக நிகழ்ந்தது. ஆசிரியர் அளித்த திருத்தங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவ்வகையின. அவற்றைக் கேட்டு மாணவர்கள் எவ்வகையிலேனும் எதிர்வினை காட்டிய நிகழ்வுகள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நாம் வலிந்து திருத்துவதில் பெரும்பகுதி காற்றோடு போகிறது என்பதே இதன் பொருள். பேச்சு மட்டும் தடைப்பட்டு நின்றுவிடுகிறது.

தமிழில் இத்தடைக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘படிச்சா’ என்ற மாணவரை ‘படித்தால்’ என்று திருத்தும்போது நாம் திருத்துவது பிழையை அன்று. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுகின்றோம். சிங்கப்பூரில் 2005இல் அமைந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழு வகுப்பறையில் தரமான பேச்சுத் தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரையைத் தாளில் ஏற்றுக்கொண்ட நம்மில் பலர் செவியில் இன்னும் ஏற்கவில்லை.

இதில் இழக்கப்போவது என்ன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலம்; தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். தமிழ் கற்கும் மாணவர் பலருக்கு, ஒரு கருத்தைத் தொடங்கி, தயங்கி, சொல்தேடி, முற்றுவரை தமிழிலேயே கொண்டுசெல்லும் வாய்ப்பு வாரத்தில் அந்த ஒரு கலந்துரையாடலில்தான் அமைகிறது. அங்கும் அவர்தம் எச்சங்களுக்கு நாமே முற்றுகளை வழங்கிவிட்டால் முற்று வைக்கும் பயிற்சி அவருக்கு எங்கே கிடைக்கும்?

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவரின் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொள்வதால் வாய்ப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறைவது. இந்நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லும் ஆசிரியர்களும் கலந்துரையாடலில் நால்வர் பங்கையும் தாமே எடுத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். கலந்துரையாடல் என்பதே பின்னிரண்டுக்கும் உரிய களம்.

குறுக்கிட வேண்டிய இடங்கள்

ஒதுங்கி நிற்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல. ஒரு மாணவரின் நிறமோ குடும்பமோ உச்சரிப்போ நகைப்புக்கு ஆளாகுமிடத்தில் முற்றுக்கும் எச்சத்துக்கும் காத்திருக்கக்கூடாது. உடனே இடைமறிக்க வேண்டும். ஒருவரே தொடர்ந்து பேச ஏனையோர் ஒடுங்கிப்போகுமிடத்திலும் நெறியாளருக்குக் கடமை உண்டு. எனினும் ‘மற்றவர்கள் என்ன நினைக்கின்றீர்கள்’ என்பதற்கு மேல் அங்கே பேச வேண்டியதில்லை. தவறான செய்தியொன்று மெய்யெனக் கொள்ளப்பட்டு முழுப் பேச்சும் அதன்மேல் எழுப்பப்படுமாயின் அதனைச் சுட்டலாம். சற்றுப் பொறுத்தால் குழுவிலேயே ஒருவர் அதனைச் சுட்டிவிடுவதும் உண்டு.

ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுகின்றோம். ஒரு சொல் கிடைக்காமல் ஆங்கிலச் சொல்லை இட்டுத் தொடரைத் தமிழில் முடிப்பவரைத் தடுக்கக்கூடாது என்பதே நம் துணிபு. அச்சொல்லுக்குரிய தமிழை உடனிருக்கும் மாணவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பது நாம் கொடுப்பதினும் நன்று. குழு முழுவதும் ஆங்கிலத்துக்கு நகர்ந்து பல முறைகள் கடந்துவிட்டால், அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றியே தமிழில் ஒரு வினா எழுப்பலாம். ‘தமிழில் பேசுங்கள்’ என்னும் ஆணையைவிட அது நன்கு பயன் தருகிறது. ஆணைக்குப் பின் பெரும்பாலும் யாரும் எம்மொழியிலும் பேசுவதில்லை.

எல்லா மௌனமும் சிந்தனை மௌனம் அன்று என்பதையும் கூறவேண்டும். எச்சத்தின் பின் வரும் மௌனத்தைப் போலன்றி, வினாவே விளங்காததால் வரும் மௌனத்தில் எவர் வாயிலிருந்தும் தயக்க அசை எழுவதில்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர், அல்லது மேசையைப் பார்ப்பர். அங்கே காத்திருப்பது கொடுமை. வினாவை வேறு சொற்களில், சிறிதாக்கிக் கேட்க வேண்டும். கேட்டபின் மீண்டும் பின்வாங்க வேண்டும்.

மேலே குறித்த அக்குழுவை மேலும் சிலமுறை நெறிப்படுத்தினோம். ஒருமுறை சன்னலோரம் தள்ளி அமர்ந்திருந்தோம். கோயில் கடிதத்தைப் பற்றிக் கூறிய அம்மாணவி, தம் குழு எழுதவிருந்த அறிவிப்பின் முதல் தொடரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘விண்ணப்பங்கள் வந்தது’ என்றார் ஒருவர். ‘வந்தன’ என்றார் மற்றொருவர். சிறிது நேரம் வழக்காடினர். நமக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது; அடக்கிக்கொண்டோம். பின்னர் அம்மாணவி நம் பக்கம் திரும்பி, “ஐயா, எழுதும்போது வந்தனதானே?” என்றார். “ஆம்” என்றோம். அவர் மீண்டும் வட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டாம் தொடரைத் தொடங்கினார்.